வகுப்பில் சேட்டை: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பைக் கலைக்க இரண்டு பேர் போதும். ஒருவன் டெஸ்க்கைத் தட்டுவான், இன்னொருவன் சிரிப்பான், ஒரு பீரியடில் பத்து நிமிடம் அவர்களோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். சந்தேகம் கேட்க நினைத்து, அந்தச் சத்தத்தில் கையைத் தூக்காமலே விட்டுவிட்ட நடு பெஞ்சுப் பெண்ணை அன்று யாரும் கவனித்திருக்க மாட்டோம். சேட்டையால் அதிகம் இழப்பது அவள்தான். ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளில் பல வருடம் பாடம் எடுத்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தச் சேட்டையைப் பல நேரம் நாமே வளர்த்துவிடுகிறோம்.

முதலில், நின்ற இடத்திலிருந்து "டேய், உட்காருடா!" என்று கத்துவது. 1968-இல் அமெரிக்காவில் மேட்சன், பெக்கர் குழுவினர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். "உட்கார்" என்று ஆசிரியர் அடிக்கடி சொல்லச் சொல்ல, எழுந்து நிற்கும் பிள்ளைகள் கூடினார்கள். ஒழுங்காக உட்கார்ந்து வேலை செய்பவர்களைப் பாராட்டியபோது அது குறைந்தது. காரணம் எளிது. எழுந்தால் டீச்சர் நம்மைப் பார்க்கிறார், மொத்த வகுப்பும் திரும்புகிறது. கவனத்துக்கு ஏங்கும் பிள்ளைக்குத் திட்டும் கவனம்தானே! பாடத்தை நிறுத்தாமல் நடந்துபோய் அவன் பெஞ்சருகே நின்றாலே பாதி அடங்கிவிடும். மீதியைப் பீரியட் முடிந்தபின் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

அடுத்தது, நம் ஊர் வழக்கமான போர்டில் பேர் எழுதுவது. லீடரிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு நாம் ஆபீசுக்குப் போகிறோம். திரும்பி வரும்போது "பேசியவர்கள்" பட்டியலும், சில பேருக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று பெருக்கல் குறியும் இருக்கும். லீடருக்குப் பிடிக்காதவன் பேர் கட்டாயம் இருக்கும், நண்பன் பேர் இருக்காது. பேசாமலே பேர் ஏறிய பிள்ளை, இனி பேசினால்தான் என்ன என்று முடிவெடுத்துவிடும். லீடர் சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் அடி வாங்குவான். யார் பேசினார்கள் என்று தெரியவில்லை, அதனால் எல்லோரும் எழுந்து நில்லுங்கள் என்பதும் இதே அநியாயம்தான்.

வெளியே நிற்க வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பில் ஒரு பையன், வாசிப்பு முறை தன் பெஞ்சை நெருங்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான். நான் வெளியே அனுப்புவேன். பல வாரம் கழித்துத்தான் உறைத்தது: அவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. நாற்பது பேர் முன்னால் திணறுவதைவிட வராண்டாவில் நிற்பது அவனுக்கு நிம்மதி. தண்டனை என்று நினைத்து, அவன் கேட்டதையே நான் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். எந்தப் பீரியட், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அதன்பின் பிள்ளைக்கு என்ன கிடைத்தது — மூன்றே விஷயம். இரண்டு வாரம் எழுதினால் போதும், காரணம் கண்ணில் படும். போர்டு தெரியாத கண்ணாக இருக்கலாம், சரியாகக் கேட்காத காதாக இருக்கலாம், காலையில் சாப்பிடாத வயிறாகவும் இருக்கலாம். அதற்கும் மேல் ஏதோ இருக்கிறது என்று தோன்றினால் நாமே நோய்ப்பெயர் வைக்க வேண்டாம். வட்டார வள மையத்தில், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு உதவும் சிறப்புப் பயிற்றுநரிடம் பேசுங்கள்.

அடிப்பது பற்றி வாதத்துக்கே இடமில்லை. தமிழ்நாடு கல்வி விதிகளில் 2003-லேயே தடை வந்துவிட்டது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. 16-ஆம் பிரிவின்படி தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும்வரை யாரையும் பள்ளியிலிருந்து வெளியேற்ற முடியாது. ஆகவே எட்டாம் வகுப்புவரை "டி.சி. கொடுத்துருவேன்" என்பது செய்ய முடியாத மிரட்டல். பிள்ளைகளுக்கு அது சீக்கிரமே தெரிந்துவிடும், அப்புறம் நம் மற்ற வார்த்தைகளும் எடுபடாது.

பெற்றோரைப் புகார் சொல்ல மட்டும் கூப்பிடுவதும் வேண்டாம். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வரும் அப்பா, ஹெச்.எம். அறை வாசலிலேயே பையனை அறைவார். அடுத்த நாள் வருவது அதே பையன், இன்னும் கோபமாக. வருடத் தொடக்கத்தில், அவன் நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்ல ஒரு போன் போட்டுவிடுங்கள். பிறகு கஷ்டமான விஷயத்தைப் பேசும்போது அந்த வீடு உங்கள் பக்கம் நிற்கும்.

கடைசியாக ஒன்று. ஜேக்கப் கூனின் என்ற ஆய்வாளர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து, 1970-இல் முடிவுகளை வெளியிட்டார். அமைதியான வகுப்புக்கும் கலகலத்த வகுப்புக்கும் உள்ள வேறுபாடு, தவறு நடந்தபின் ஆசிரியர் கண்டித்த விதத்தில் இல்லை. அதற்கு முன்பே எல்லாப் பக்கமும் கண் வைத்திருந்ததிலும், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடங்கலில்லாமல் நகர்ந்ததிலும் இருந்தது. நாமோ முதுகைக் காட்டிக்கொண்டு பத்து நிமிடம் போர்டில் எழுதுகிறோம், நோட்டு திருத்தும்போது முடித்தவர்களைச் சும்மா உட்கார வைக்கிறோம். நாளைக்குப் போர்டு வேலையைப் பீரியட் தொடங்கும் முன்பே எழுதி முடித்துவிட்டு, சீக்கிரம் முடிப்பவர்களுக்கு இரண்டு கணக்கு கூடுதலாக வைத்துப் பாருங்கள்.