ரான்ஸ்போசனை வைத்து ரைசோபியத்தின் பரம்பரையலகைப் பிடிப்பது எப்படி

கச்சானைப் பிடுங்கினால் வேரில் தெரியும் முடிச்சுகளுக்குள் இருக்கிற ரைசோபியம் பற்றீரியாவில் எந்தப் பரம்பரையலகு என்ன வேலை செய்கிறது என்று தேட ஆசையா? டீஎன்ஏயில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் துண்டான ரான்ஸ்போசனில் தொடங்குங்கள். யூவி அடித்தும் விகாரம் உண்டாக்கலாம்தான், ஆனால் அது எங்கே விழுந்தது என்று தேடுவதிலேயே காலம் போய்விடும். ரான்ஸ்போசனோ, ஒரு பரம்பரையலகுக்குள் புகுந்து அதைக் கெடுக்கும்போதே கனமைசின் என்ற நுண்ணுயிர்கொல்லிக்கான எதிர்ப்பையும் அதே இடத்தில் வைத்துவிடுகிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலோ கிளிநொச்சியிலோ ஆய்வுகூடத்தில் செயற்றிட்டம் செய்கிற பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பற்றீரியா. கச்சான், பயறு வேர்களில் கிடைப்பது பெரும்பாலும் பிராடிரைசோபியம், கொலனி தெரியவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், ஆகவே முதல் தடவைக்கு வேகமாக வளரும் இனம் ஒன்றை எடுங்கள். அது இயல்பாகவே கனமைசினைத் தாங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாங்கினால் வேறு அடையாளம் உள்ள ரான்ஸ்போசன் வேண்டும்.

ரான்ஸ்போசனுக்கு மினி டிஎன்5 நல்லது. இதில் தாவலைச் செய்யும் ரான்ஸ்போசேஸ் நொதியத்தின் பரம்பரையலகு ரான்ஸ்போசனின் இரு முனைகளுக்கும் வெளியே, அதைச் சுமக்கும் சிறு வட்ட டீஎன்ஏயான பிளாஸ்மிட்டில் இருக்கிறது. துண்டு குரோமோசோமில் ஏறியதும் நொதியம் பின்னால் தங்கிவிடும், எனவே அது மறுபடி தாவாது. பிளாஸ்மிட் பெருகத் தொடங்கும் இடமான ஆர்6கே தொடக்கப்புள்ளியும் பிர் என்ற புரதம் உள்ள ஈ.கோலை பற்றீரியாவில் மட்டும்தான் வேலை செய்யும், ரைசோபியத்துக்குள் போனால் பிளாஸ்மிட் அழிந்துபோகும். அப்புறம் கனமைசினில் வளர்வது ரான்ஸ்போசன் ஏறிய கலம்தான்.

பிளாஸ்மிட் கைமாறுவதற்காக, அதைச் சுமக்கும் ஈ.கோலையையும் ரைசோபியத்தையும் கலந்து, நுண்ணுயிர்கொல்லி இல்லாத அகாரில் ஒரு சொட்டாக வைத்து 28 பாகையில் விடுங்கள். சித்திரை வைகாசியில் எங்கள் அறை வெப்பம் 30ஐத் தாண்டிவிடும், மேசையை நம்பாமல் இன்குபேற்றரில் வையுங்கள். பிறகு கனமைசின் தட்டில் பூசும்போது ஈ.கோலையைக் கொல்ல ஒரு வழி வேண்டுமே? பலர் எடுப்பது எஸ்17-1 என்ற வழங்கி, அதாவது பிளாஸ்மிட்டைக் கொடுக்கும் ஈ.கோலை. பிர் உள்ள அதன் லாம்டா பிர் வகை ஸ்ட்ரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்கொல்லியைத் தாங்கும், ஆகவே ஸ்ட்ரெப்டோமைசினை நம்பினால் தட்டு முழுக்க ஈ.கோலைதான் நிற்கும். அதோடு அதன் குரோமோசோமில் பற்றீரியாவைத் தாக்கும் வைரசான மியூ பேஜும் இருக்கிறது, அது சில வேளை பெறுநரான ரைசோபியத்துக்குள் தானும் போய் ஏறிவிடும். நீங்கள் ஒரு விகாரியை வைத்துக்கொண்டு டிஎன்5 செய்த வேலை என்று நினைப்பீர்கள், செய்தது மியூவாக இருக்கும். கிடைக்குமென்றால் மியூ இல்லாத, டைஅமினோபிமெலிக் அமிலம் கொடுத்தால் மட்டும் வளர்கிற வழங்கியை எடுங்கள். கலக்கிற தட்டில் அந்த அமிலத்தைப் போடுங்கள், தேர்வுத் தட்டில் விட்டுவிடுங்கள், ஈ.கோலை தானாகவே சாகும். எதை எடுத்தாலும் வழங்கியைத் தனியாகவும் பெறுநரைத் தனியாகவும் அதே தேர்வுத் தட்டில் பூசாமல் எந்தக் கொலனியையும் நம்ப வேண்டாம்.

கலக்கும் நேரத்தை நீட்டாதீர்கள். ஒரே விகாரி பிரிந்து பிரிந்து பெருகினால் நூறு கொலனியும் ஒரே குடும்பமாக இருக்கும், அதனால் சின்னக் கலப்புகள் பலவற்றைத் தனித்தனியாகச் செய்து ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுங்கள். எத்தனை வேண்டும்? சினோரைசோபியம் மெலிலோட்டியில் ஏறக்குறைய 6,200 பரம்பரையலகுகள். எல்லாம் ஒரே அளவு, எங்கும் சமமாக விழுகிறது என்று வைத்தால் 95 வீதத்தைத் தொட அதைப்போல் மூன்று மடங்கு, கிட்டத்தட்ட 19,000 விகாரிகள் வேண்டும். அத்தனையும் ஒரு செயற்றிட்டத்தில் முடியாது, கவலைப்பட வேண்டாம், சில நூறிலேயே படிக்க நிறைய இருக்கும்.

செடியில் சோதிப்பது பெரிய வேலை, முதலில் தட்டில் கண்ணுக்குத் தெரிவதைத் தேடுங்கள். வழவழப்பு இல்லாத கொலனி, நீந்தாத கொலனி, எளிய ஊடகத்தில் வளராத கொலனி. அப்படித் தெரிந்தெடுத்த சிலதை மட்டும் செடிக்குக் கொடுங்கள். முடிச்சு வந்ததும் நகத்தால் பிளந்து பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பு என்றால் நைதரசன் பிடிக்க உதவும் லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது, வெள்ளை என்றால் நைதரசன் பிடிக்கும் வேலை நடக்கவில்லை.

ரான்ஸ்போசன் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க, அதை ஒட்டியிருக்கும் டீஎன்ஏயைப் பெருக்கும் தலைகீழ் பிசிஆர் செய்யலாம். ரான்ஸ்போசனுக்குள்ளேயே ஆர்6கே தொடக்கப்புள்ளி இருந்தால் இன்னும் சுலபம். ரான்ஸ்போசனை வெட்டாத நொதியத்தால் டீஎன்ஏயை வெட்டி, துண்டுகளை வட்டமாக ஒட்டி, பிர் உள்ள ஈ.கோலையில் போட்டு கனமைசினில் எடுத்து, முனையிலிருந்து வெளிநோக்கி வரிசைப்படுத்துங்கள். இரு பக்கமும் ஒரே 9 காரங்கள் திரும்ப வந்தால், அது ரான்ஸ்போசன் ஒழுங்காகத் தாவியதன் அடையாளம்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அது போதாது. ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் பரம்பரையலகுகளின் வரிசையான ஒப்பரோனுக்குள் விழுந்த ரான்ஸ்போசன் தனக்குக் கீழே உள்ள பரம்பரையலகுகளையும் அடைத்துவிடலாம், குற்றவாளி பக்கத்து வீட்டில் இருக்கலாம். கெட்ட பரம்பரையலகு ஒன்றை மட்டும் இன்னொரு பிளாஸ்மிட்டில் திருப்பிக் கொடுங்கள். முடிச்சு மறுபடி சிவந்தால் நீங்கள் சொன்னது சரி. சிவக்காவிட்டால் கீழுள்ளவற்றையும் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.

கனமைசின் எதிர்ப்புள்ள இந்தத் தட்டுகளும் செடி வளர்த்த மண்ணும் தோட்டப் பக்கம் போகவே கூடாது, எல்லாவற்றையும் ஓட்டோக்கிளேவில் அவித்த பிறகுதான் வெளியே போடுங்கள்.