மோட்டார்ஹோம மூடி நிறுத்துறதுக்கு முன்னாடி பேட்டரிய ஒரு பார்வை பாத்துடுங்க

இங்க கனடால அக்டோபர் கடைசில மோட்டார்ஹோம (உள்ளயே தங்கி சமைச்சு பயணம் போற வண்டி) மூடி நிறுத்தினா ஏப்ரல் வரைக்கும் தொடமாட்டோம், எல்லா சுவிட்சும் ஆஃப் தானேன்னு முதல் வருஷம் நானும் அப்படியே விட்டுட்டேன், பனி கரைஞ்சு போய் பாத்தா பேட்டரி பக்கவாட்டுல உப்பி விரிசல் விட்டு கிடக்கு. குற்றவாளி யாருன்னா கேஸ் டிடெக்டர், அதான் கேஸ் கசிஞ்சா சத்தம் போடுற கருவி, தரையோரமா ஒரு குட்டி பச்சை லைட் எரியும் பாருங்க, அது ராப்பகலா கரண்ட் குடிச்சிட்டே இருக்கும். ஃபுல் சார்ஜ்ல இருக்குற லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 50 டிகிரிலயும் உறையாது, காலியானது மைனஸ் 10க்குள்ளயே ஐஸ் ஆயிடும். அதனால மெயின் சுவிட்ச மட்டும் நம்பாம வயரையே கழட்டிடுங்க, முதல்ல மைனஸ் அப்புறம்தான் பிளஸ். மாசம் ஒருதடவ மல்டிமீட்டர் வச்சு பாருங்க, 12.6 வோல்ட் காட்டினா நிம்மதி, 12.4க்கு கீழ போனா சார்ஜ் போட்டே ஆகணும். பக்கத்துல பிளக் பாயிண்ட் இருந்தா பேட்டரி நிறைஞ்சா கரண்ட தானா குறைச்சுக்குற ஸ்மார்ட் சார்ஜர மாட்டி விட்டுடலாம், பழைய சாதா சார்ஜர் வேணவே வேணாம், உள்ள இருக்குற தண்ணிய வத்த வச்சிடும். லித்தியம்னா கதையே வேற, பூஜ்யம் டிகிரிக்கு கீழ சார்ஜ் ஏத்தவே கூடாது, பாதி சார்ஜோட கழட்டி வீட்டுக்குள்ள கொண்டுவந்து வச்சிடுங்க.