2014 ஃபார்ச்சூனரா, 2016 320டி-யா: வாங்குமுன் எங்கே கை வைத்துப் பார்ப்பது

பழைய வண்டிச் சந்தையில் டொயோட்டா ஃபார்ச்சூனர் 3.0 டீசலும் பி.எம்.டபிள்யூ 320டி-யும் ஏறத்தாழ ஒரே பணத்துக்குக் கிடைப்பதுண்டு. எதை எடுத்தாலும் விலையில் 15 சதவீதம் முதல் வருஷ வேலைக்கென்று தனியாக வைத்துவிடுங்கள். அந்தப் பணம் எங்கே போகும் என்பதில்தான் இரண்டும் வேறு வேறு.

இரண்டையும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய்ப் பாருங்கள். பானட்டைத் தொட்டால் சூடாக இருக்கிறதா? நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஃபார்ச்சூனரில் முதலில் பார்க்கவேண்டியது இன்ஜெக்டர், அதாவது எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம். அதன் அடியிலுள்ள செப்பு வாஷர் கசிந்தால் எரிந்த வாயு மேலே ஏறி, ஆயிலில் கரியாகக் கலக்கும். அந்தக் கரி சம்ப்பிலுள்ள (ஆயில் தங்கும் அடித்தொட்டி) சல்லடையை அடைக்கும், ஆயில் பிரஷர் விழும், பேரிங் போகும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தாலும், மூடியின் உட்புறம் தார் போல ஒட்டியிருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். அடுத்து டைமிங் பெல்ட், வால்வும் பிஸ்டனும் ஒத்து இயங்க வைக்கும் பட்டை. 1,50,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றவேண்டும், மாற்றியதற்கு பில் கேளுங்கள். அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும். பிறகு லிஃப்ட்டில் ஏற்றி சேசிஸைப் பாருங்கள். கடலோர ஊர் வண்டி என்றால் துரு இருக்கிறதா என்று பின் ஸ்பிரிங் உட்காரும் இடங்களையும் வெல்டிங் ஓரங்களையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டுங்கள். அடித்த கருப்பு பெயின்ட் புதிதாக இருந்தால் இன்னும் அழுத்தித் தட்டுங்கள்.

320டி-யில் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்கும் கருவி) போடாமல் பேச்சே கூடாது. பழுதுக் குறியீடுகளை அழித்துவிட்டுக் காட்டுவார்கள் என்பதால், அரைமணி நேரம் ஓட்டியபிறகு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. கேபின் பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம் வந்தால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் வேலை நடக்காது. கியர்பாக்ஸ் ஆயில் 'ஆயுள் முழுக்கப் போதும்' என்று சொன்னால் ஏற்காதீர்கள். இந்த எட்டு-ஸ்பீடு கியர்பாக்ஸைச் செய்யும் இசட்.எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் பிளாஸ்டிக் சம்ப்போடு சேர்ந்தே வருவதால் முழு சம்ப்பும் மாறும். ரன்-ஃபிளாட் டயர் (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) என்பதால் ஸ்டெப்னி இல்லாமலும் இருக்கலாம். டயரின் ஓரத்திலுள்ள கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. அவ்வளவு பழசென்றால் நான்கையும் மாற்றும் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஃபார்ச்சூனர் நனைந்ததா என்று பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை இரண்டிலுமே தேடவேண்டும். சீட் பெல்ட்டை முழுசாக இழுங்கள், கடைசி முழத்தில் சேற்றுக் கறை தெரியும். 320டி-யில் கூடுதலாக டிக்கித் தரையையும் தூக்கிப் பாருங்கள். பேட்டரி அங்கேதான் இருக்கிறது.

ஊருக்குள் மண் சாலையும் ஆறேழு பேர் பயணமும் இருந்தால் ஃபார்ச்சூனர். ஹைவே ஓட்டம் அதிகம், அந்த வண்டியை அறிந்த மெக்கானிக் பக்கத்திலேயே இருக்கிறார் என்றால் மட்டும் 320டி. 2014-ல் பதிவான வண்டிக்கு 2029-ல் ஆர்.சி. புதுப்பிக்கவேண்டும், அதையும் விலை பேசும்போது சொல்லுங்கள். ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால், அது நீங்கும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.