ராக்கெட் டிக்கெட் எவ்வளவு வரும்? ஒரு தாளில் நாமே போட்டுப் பார்க்கலாம்

அல்சூரிலிருந்து பெங்களூரு விமான நிலையம் போய்ச் சேரவே சில நாள் ஒன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது. நியூயார்க்கிலிருந்து ஷாங்காய்க்கு 39 நிமிடத்தில் ராக்கெட்டில் போகலாம் என்று 2017-இல் அமெரிக்க ராக்கெட் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸ் சொன்னது. சரி, டிக்கெட்? தாளும் பேனாவும் எடுங்கள்.

படி 1: வண்டியின் விலை. 1000 கோடி, 100 இருக்கை என்று வைத்துக்கொள்வோம் (என் கற்பனை எண்கள்தான், உங்களுக்குப் பிடித்ததைப் போடுங்கள்). ஒரே நடையோடு கடலில் விட்டால் தலைக்கு 10 கோடி. 10 நடை ஓடினால் 1 கோடி, 1000 நடை ஓடினால் வெறும் 1 லட்சம். இந்த இடத்திலேயே எல்லோரும் குஷியாகிப் பேனாவை மூடிவிடுகிறார்கள், மூடாதீர்கள்.

படி 2: எரிபொருள். நடைக்கு 5 கோடி, தலைக்கு 5 லட்சம்.

படி 3: பராமரிப்பு. அமெரிக்க விண்வெளி ஓடமும் திரும்பி வந்த வண்டிதான். ஆனால் அதன் உடம்பில் 20,000-க்கும் மேல் வெப்பத் தடுப்பு ஓடுகள், ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டியிருந்தது, அதே ஓடம் மறுபடி கிளம்பியதில் மிகக் குறைந்த இடைவெளியே 54 நாள். நடைக்கு 10 கோடி வையுங்கள், தலைக்கு 10 லட்சம். எத்தனை நடை ஓடினாலும் இது குறையாது.

படி 4: எத்தனை நடை தாங்கும்? ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டின் கீழ் அடுக்குகள் சில 30 முறைக்கு மேல் பறந்திருக்கின்றன. ஆனால் அது பாதி வழியில் பிரிந்து திரும்புகிறது. மேல் அடுக்கை இன்னும் தூக்கித்தான் எறிகிறார்கள். கண்டம் தாண்டும் பயணி வண்டி அதைவிடப் பல மடங்கு வேகத்தில் காற்றுக்குள் நுழையும், சூடு வேறு கதை. நம் பக்கத்து சித்ரதுர்காவில் 2024-இல் இஸ்ரோவின் புஷ்பக் என்ற சிறகுள்ள சோதனை வண்டியை ஹெலிகாப்டரிலிருந்து 4.5 கிலோமீட்டர் உயரத்தில் விட்டு ஓடுபாதையில் இறக்கினார்களே, அழகான வேலை, ஆனால் அது தரையிறங்கும் சோதனை, சூட்டுச் சோதனை இல்லை.

படி 5: விபத்து. விண்வெளி ஓடங்கள் மொத்தம் 135 நடை, அதில் 2 திரும்பவில்லை, 14 உயிர் போனது. சராசரியாக 67 நடைக்கு ஒன்று. தினம் ஒரு நடை விட்டால் இரண்டரை மாதத்துக்குள் ஒரு விபத்து!

அப்புறம், படி 1-க்குத் திரும்பிப் போய் அந்த 1000 நடையை அடித்துவிட்டு 67 நடை என்று எழுதுங்கள், ஏனென்றால் அதற்கு மேல் வண்டியே மிஞ்சாது. 1 லட்சம் 15 லட்சமாகிறது. மற்றதையும் கூட்டினால் தலைக்கு 30 லட்சம், காப்பீடு தனி.