அம்மாச்சி குண்டானுக்கு ஈயம் பூசின கதை

சின்ன வயசுல லீவுக்கு ஊருக்குப் போனா அம்மாச்சி சாம்பார் வைக்கிற பித்தளை குண்டான் ஒண்ணு, இப்ப என்கிட்ட இருக்கு. உள்ள ஈயம் எல்லாம் போயி அங்கங்க பச்சையா களிம்பு, எடைக்குப் போட்டுரு நல்ல காசு வரும்னு ஆளாளுக்கு சொல்றாங்க, எனக்கு மனசு வரல. ஷோகேஸ்ல வைக்கவும் இஷ்டமில்ல, பாத்திரம்னா அடுப்புல ஏறணும்ல!

பாத்திரக்கடைல விசாரிச்சா ஈயம் பூசறவர் யாருன்னு சொல்லிடுவாங்க. அண்ணே, வெள்ளீயம் மட்டும்தானே, காரீயம் கலக்கலயேன்னு முதல்லயே கேட்டுக்கங்க, வெள்ளீயம்னா டின், காரீயம்னா லெட், அது விஷம். நான் கூடவே நின்னு பாத்தேன், உள்பக்கத்த நல்லா தேச்சுக் கழுவி, கரி அடுப்புல சூடேத்தி, நவச்சாரப் பொடிய (அமோனியம் குளோரைடு உப்பு) தூவினதும் குப்புனு வெள்ளைப் புகை, கண்ணெல்லாம் எரியுது, உடனே ஈயக்கட்டிய ஒரு இழுப்பு இழுத்து பஞ்சால சரசரன்னு துடைக்கிறாரு, நொடில உள்ள முழுக்க வெள்ளி மாதிரி ஆயிடுச்சு.

இதுக்கப்புறம் நாமதான் பாத்துக்கணும். வெள்ளீயம் 232 டிகிரிலயே உருகிடும், அதனால வெறும் பாத்திரத்த அடுப்புல வைக்காதீங்க, எண்ணெய் காயவச்சு தாளிக்கிறதும் வேண்டாம், தனியா தாளிச்சுக் கொட்டுங்க. கிண்டுறதுக்கு மரக்கரண்டி. வெளிய புளி போட்டு எவ்வளவு வேணா தேய்ங்க, உள்ள ஸ்டீல் நார் மட்டும் படவே கூடாது, வேலைக்கு வர்ற அக்காகிட்டயும் இத சொல்லி வச்சிருக்கேன்.