பெயரை மட்டும் மாற்றினால் போதாது

திருநங்கையான நான் ஆவணங்களில் என் பெயரை மாற்ற முதலில் தப்பான இடத்துக்குத்தான் போனேன். மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தில் சாதாரணப் பெயர் மாற்றம் என்று படிவம் கொடுத்தேன். பெண் பெயரைக் கண்டதும் மேசைக்கு மேசை சிரிப்பு. அழுதுகொண்டே கல்லடிப் பாலத்தைக் கடந்தேன்.

பெயர் மாறியிருந்தாலும் போதாது. நமது இலங்கை அடையாள அட்டை இலக்கத்திலேயே ஆணா பெண்ணா என்பது இருக்கிறது. ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தோமோ, ஆண்களுக்கு அந்த எண் அப்படியே. பெண்களுக்கு 500 கூட்டி. ஏப்ரல் 12இல் பிறந்த எனக்கு 103. பெண்ணாகப் பதிந்திருந்தால் 603. விஷயம் தெரிந்தவர் அட்டையைப் பார்த்தால் அடுத்து என் முகத்தைப் பார்ப்பார்.

பிறகு மனநல வைத்தியரிடம் போய்ப் பாலின அங்கீகாரச் சான்றிதழ் வாங்கினேன். 2016இல் சுகாதார அமைச்சு விட்ட சுற்றறிக்கையால் கிடைத்த வழி இது. அதைக் காட்டிப் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் திருத்தி, அப்புறம்தான் புதிய அட்டைக்கு விண்ணப்பித்தேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அர்ஜென்டினாவில் 2012 முதல் வைத்தியர் கடிதமே தேவையில்லை. நமக்கும் அது வரவேண்டும்.

அட்டை வந்த அன்று அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு என் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். "இரி மகள், சோறு போடுறன்" என்றார்.