முதியவர்களின் மனச்சோர்வு: மருத்துவமனையில் நடக்கும் தவறுகள்

வார்டில் யாருக்கும் தொந்தரவு தராத முதியவர்தான் பெரும்பாலும் கண்ணில் படாமல் போகிறார். சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பிப் போகும். நடக்கக் கூப்பிட்டால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். "இந்த வயசுல, இவ்வளவு நோயோட, சோர்வு இல்லாம எப்படி?" என்று விட்டுவிடுவதுதான் முதல் தவறு. காரணம் புரிகிறது என்பதற்காகச் சிகிச்சை வேண்டாம் என்று ஆகிவிடாது.

பசியின்மையும் தூக்கமின்மையும் உடல்நோயாலும் வரும். அதனால்தான் முதியோர் மனச்சோர்வு அளவுகோலின் 15 கேள்விகளில் இந்த இரண்டும் கிடையாது. வாழ்க்கையில் திருப்தியா, நம்பிக்கை போய்விட்டதா என்பது போன்ற ஆம், இல்லை கேள்விகள்தான். காது கேட்கும் கருவியை மாட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பேசாமல் சுருண்டு கிடக்கிறாரே என்று உடனே மாத்திரை எழுதிவிடுவது. அது டெலிரியமாகவும், அதாவது உடல்நோயாலோ மருந்தாலோ திடீரென வரும் மனக்குழப்பமாகவும் இருக்கலாம். ஓரிரு நாளில் திடீரென வந்ததா, காலையில் ஒரு மாதிரி, மாலையில் வேறு மாதிரி இருக்கிறாரா என்று வீட்டாரிடம் விசாரிக்க வேண்டும். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். சனி, வெள்ளி என்று ஆரம்பித்து வழியிலேயே தொலைந்துபோனால் முதலில் தேட வேண்டியது தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, சிறுநீர் அடைப்பு, புதிதாகச் சேர்த்த மருந்து ஆகியவற்றைத்தான். தைராய்டு, பி12 பரிசோதனைகளையும் மறந்துவிடக் கூடாது.

சரி, மனச்சோர்வுதான் என்று உறுதியாகிவிட்டது. தூக்கமும் வரட்டும் என்று அமிட்ரிப்டிலின் என்ற பழைய வகை மனச்சோர்வு மாத்திரையைக் கொடுத்தால் மலச்சிக்கல், சிறுநீர்த் தேக்கம், குழப்பம், எழும்போது தலைசுற்றி விழுவது என்று வரிசையாக வரும். செர்ட்ராலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மருந்துகள் பொதுவாக இதைவிடப் பாதுகாப்பானவை. ஆனால் முதல் சில வாரங்களில் ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். தயாசைடு வகை நீர்மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். ஆஸ்பிரினோ இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரையோ கூட இருந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு வரலாம்.

இந்தப் பயத்தில் குறைந்த டோஸிலேயே மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதும் தவறுதான். மெதுவாகத் தொடங்கலாம், பலன் தரும் அளவுக்குக் கொண்டுபோயாக வேண்டும். சாப்பாடு, தண்ணீரையே மறுக்கும் அளவுக்கு முற்றியவருக்கு மின்னதிர்வு சிகிச்சை நன்றாகவே பலன் தரும். வயதைக் காட்டி அதை ஒதுக்கத் தேவையில்லை. ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மனச்சோர்வு மாத்திரை அட்மிஷன் அவசரத்தில் விட்டுப்போயிற்றா என்றும் பாருங்கள். சிலருக்குப் படபடப்பும் தலைசுற்றலும் அதனாலேயே வரும்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது டிஸ்சார்ஜ் அன்று நடக்கும் தவறு. மருந்து வேலை செய்ய 4 முதல் 8 வாரம் ஆகும். நோயாளியோ அதற்குள் வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்த சோடியம் பரிசோதனை எப்போது, டோஸை யார் கூட்டுவார், எவ்வளவு காலம் தொடர வேண்டும் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டார் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.